நன்றியோடு வாழ்வோம், நிமிர்ந்தும் வாழ்வோம்
(சபையின் ஆண்டு விழா ஆராதனைக்குப் பின் ஆற்றிய உரை)



விட்பியிலும் ஒஷாவா, ஏஜாக்ஸ் பக்கங்களிலும் தரும நிறுவனங்களும் இலாப நோக்கற்ற அமைப்புகளும் நடத்தும் வீடுகளில் நம்மவர் பலர் வாழ்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் நெடுங்காலம் இருந்து கிடைத்த வீடு அது. அதனால் குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோனாலும் சிலர் வாய் திறப்பதில்லை. "இரங்கித் தந்த வீடு, குறை சொன்னால் எழும்பச் சொல்லிவிடுவார்கள்" என்று பயப்படுகிறார்கள்.

ரூத்தை நினைத்துப் பாருங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விடும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிட்டிருந்தது. அது ஏழைக்கும் அந்நியருக்கும் சட்டம் வைத்த பங்கு. ரூத் அனுமதி கேட்டாள், மாலைவரை பொறுக்கினாள், போவாசுக்கு நன்றியும் சொன்னாள். கேட்க வேண்டியதைக் கேட்பதும் நன்றி சொல்வதும் ஒரே ஆளிடம் இருக்கலாம். இந்த வீடுகளில் வாழும் நமக்கும் அதுவே வழி.

முதலாவது, நீங்கள் கையெழுத்திட்ட பத்திரம் எது என்று அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் வாடகைக் குடியிருப்பாளரா, கூட்டுறவு வீட்டின் அங்கத்தவரா, சில காலத்துக்கு மட்டும் தங்குபவரா? ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. வாடகைக் குடியிருப்பாளர் என்றால், நடத்துவது தரும நிறுவனமாக இருந்தாலும், ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம் பொதுவாக உங்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

இரண்டாவது, வருமானத்துக்கேற்ற வாடகை. இது பெரும்பாலும் குடும்பத்தின் நிகர வருமானத்தில் 30 வீதம். அதைக் கணக்கிடுவது வருமான வரிக்குப் பின் வரும் மதிப்பீட்டுக் கடிதத்தைக் கொண்டுதான். ஆகவே ஒரு சதம் உழைக்காதவரும் ஆண்டுதோறும் வரிப் பத்திரம் நிரப்ப வேண்டும். வருடாந்தப் பரிசீலனைக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள்; பதில் அனுப்பாவிட்டால் அந்தச் சலுகையே போய்விடலாம். வேலை போனாலும், மகன் திருமணமாகி வேறு வீடு போனாலும், உடனே அலுவலகத்துக்கு அறிவியுங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால், எவ்வளவு காலம் தங்கலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது, திருத்த வேலைகள். வீட்டுக்காரர் வெப்பம் தரும் வீடுகளில், செப்டெம்பர் 1 முதல் யூன் 15 வரை குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும் என்பது சட்டம். குறையைத் தொலைபேசியில் சொன்னால் மட்டும் போதாது. திகதியிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்திருங்கள். அவசர நிலை போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, அவர்கள் வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. கடுகு தாளிக்கும்போது கத்துகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைக் கழற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம். உங்கள் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஆபத்து. சமையல் விசிறியைப் போடுங்கள், யன்னலைத் திறவுங்கள்.

நான்காவது, வாடகை பிந்தினால் ஒளியாதீர்கள். அலுவலகத்தோடு பேசி, சிறு தொகைகளாகக் கட்ட வழி கேளுங்கள். கட்டாத வாடகை பற்றி வரும் அறிவித்தல் சில நாள் அவகாசம் தரும். அதற்குள் கட்டினால் அந்த அறிவித்தல் செல்லாது. அறிவித்தல் வந்த கையோடு பெட்டி கட்டத் தேவையில்லை. வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்திடம் போக வேண்டும். அங்கே உங்கள் பக்கத்தையும் சொல்லலாம். தீர்ப்பாயம் உத்தரவிட்டாலும் உங்களை வெளியேற்றும் அதிகாரம் ஷெரிப்புக்கு மட்டுமே உண்டு. விசாரணை நாளுக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய இழப்பு.

உதவி தேவைப்பட்டால் 211 என்ற இலக்கத்தை அழையுங்கள். பல மொழிகளில் பேசலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு ஒஷாவாவில் உள்ள டர்ஹம் சமூகச் சட்ட உதவி நிலையம் இலவசமாக ஆலோசனை தருகிறது.

பிள்ளைகளே, அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது நீங்கள்தானே? பயமுறுத்தும் கடிதம் வந்தால் மறைக்காதீர்கள். அதில் உள்ள கடைசித் திகதியைக் கலண்டரில் வட்டமிடுங்கள். பிறகு பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அதைச் சுமப்பது உங்கள் வேலை அல்ல.

சபையாரே, அந்தப் பெரியவர் நாமாக இருக்க வேண்டும். அடுத்த முறை ஒரு முதியவரைச் சந்தித்து ஜெபிக்கும்போது, "வாசிக்காத கடிதம் ஏதும் இருக்கிறதா, ஐயா?" என்றும் கேளுங்கள். அதுவும் ஊழியமே.

நம் ஒவ்வொருவருடைய வாசலையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. ஆமென்.