பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 640 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கோ 355 தான். ஆனால் இரண்டு டிக்கெட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பயண நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேகால் மணிதான். பாதித் தூரத்துக்கு முழு நேரமா?

கொழும்புக்குப் போவது ஜெட். நடுவானில் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72. புரொப்பெல்லர் சுழல, எழுபது சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் போகும். குட்டையான ஓடுதளத்தில் இறங்க அதுதான் தோது. தவிர, டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே சக்கரம் உருளத் தொடங்கியதிலிருந்து அங்கே நிற்கும் வரை எல்லாம் சேர்ந்த கணக்கு. ஓடுதளத்தில் முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பட்டும் என்று காத்திருப்பதும் அதில் அடக்கம்.

மெதுவாகப் போவதில் ஒரு லாபமும் உண்டு. ஏடிஆரின் இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. வலப்பக்க இருக்கை கிடைத்தவருக்கு, மேகமில்லாத நாளில் சோழமண்டலக் கரை கூடவே வரும். கோடியக்கரையில் நிலம் மூக்கு நீட்டி முடியும். அப்புறம் கொஞ்சம் கடல். விமானம் தாழும்போது பனைகள், வலிகாமத்தின் செம்மண் தோட்டங்கள்.

இந்தத் தடம் புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலியை ஒட்டிய காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. போர்க்காலம் அந்த வழியை அடைத்தது. பிறகு நெடுங்காலம் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னையிலிருந்து ஊர் திரும்ப, முதலில் கொழும்பு போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் சென்னையையும் கட்டுநாயக்கவையும் கோடு போட்டு இணைத்தால், அது யாழ்ப்பாணத்தின் மேலேயே போகும்! சொந்த ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்ப வேண்டும். அதற்கு ஓர் இரவு.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியும் சேர்ந்துகொண்டது.

திருச்சிக் கணக்குதான் வேடிக்கை. அங்கிருந்து சென்னை வான்வழியில் சுமார் 290 கிலோமீட்டர், பலாலி வெறும் 185. கடிகார முள்ளைத் திருப்பும் வேலையும் இல்லை. 2006 முதல் இரு நாட்டுக்கும் ஒரே நேரம். பயணம் ஒரு மணி நேரம்தான். ஆனால் வெளிநாட்டு விமானமாயிற்றே, பாஸ்போர்ட்டும் கையுமாக இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் வரிசையில் நிற்க வேண்டும்.