இசைத்தட்டின் உள்வட்டம்



வானொலி நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த வேலை எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. ஒரு எல்.பி. இசைத்தட்டை உறையிலிருந்து உருவி, ஜன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பிடிப்பேன். எந்தப் பாட்டு அதிகம் ஓடியிருக்கிறது என்று அந்த வெளிச்சத்தில் தட்டே சொல்லிவிடும். ஊசி திரும்பத் திரும்ப ஓடின இடம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கும். யாரும் தொடாத இடம் எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி மினுங்கும். அப்படி மினுங்குகிற இடங்களைத் தேடிப் போட்டுக் கேட்பதுதான் மதிய வேளைகளில் என் வேலையாக இருந்தது. இன்றைக்கு உங்களோடு பேசப்போவதும் அந்த மினுங்கல்களைப் பற்றித்தான்.

ஸ்வீடன் நாட்டு ஆபா குழுவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அக்னெத்தா, பியோர்ன், பென்னி, ஆன்னி-ஃப்ரிட் என்ற நாலு பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அந்தப் பெயர். ஆன்னி-ஃப்ரிடை எல்லோரும் ஃப்ரீடா என்றே அழைப்பார்கள். 1974 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்தவர்கள். 'டான்சிங் குவீன்' கேட்காத காது உலகத்தில் குறைவு.

ஆனால் பாருங்கள், 1992-ல் 'ஆபா கோல்ட்' என்று ஒரு திரட்டு வந்தது. அதில் 19 பாட்டு. எத்தனையோ வீடுகளில் ஆபா என்றால் அந்த ஒரு தட்டுதான். அந்த 19-உம் அருமையான பாட்டுகள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இருந்தாலும் 1981-ல் அவர்கள் வெளியிட்ட 'தி விசிட்டர்ஸ்' தொகுப்பிலிருந்து அதில் இடம்பெற்றது ஒரே ஒரு பாட்டு, 'ஒன் ஆஃப் அஸ்'. மீதியெல்லாம் வெளியே நின்றுவிட்டன. ஆபாவின் தொகுப்புகளைத் தரவரிசைப்படுத்தும்போது பெரும்பாலோர் 'அரைவல்' தொகுப்பை முதலில் வைப்பார்கள். அதில் 'டான்சிங் குவீன்' இருக்கிறது, 'மனி மனி மனி' இருக்கிறது, 'நோயிங் மீ நோயிங் யூ' இருக்கிறது. நியாயம்தான். நான் மட்டும் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். ஒரு தொகுப்பு எப்படிப்பட்டது என்று தெரிய அதன் கடைசிப் பாட்டைக் கேட்பேன்.

ஏன் கடைசிப் பாட்டு? கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. வெளி ஓரத்தில் அந்த 1.8 விநாடிக்குள் ஊசி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் பயணம் போகிறது. நடுவிலிருக்கும் லேபிளை நெருங்கும்போது அதே நேரத்தில் அதில் பாதி தூரம்கூடப் போவதில்லை. அதே அளவு இசையை அவ்வளவு குறுகின இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். ஓங்கி அடிக்கிற முரசும் உச்சத்தில் பாடுகிற குரலும் அங்கே கரகரத்துப்போகும். அதனால் ஆரவாரமான பாட்டுகளை வெளி வட்டத்திலும் அடக்கமான பாட்டுகளை உள் வட்டத்திலும் வைப்பது பலருடைய வழக்கமாக இருந்தது. விற்கிற பாட்டு வாசலில் நிற்கும். தனக்கென்று பாடிக்கொண்ட பாட்டு கொல்லைப்புறத்தில் இருக்கும்.

'தி விசிட்டர்ஸ்' தொகுப்பின் இரண்டாம் பக்கத்தில், உள் வட்டத்தில் இருப்பது 'லைக் ஆன் ஏஞ்சல் பாஸிங் த்ரூ மை ரூம்'. ஆபா என்றால் பல குரல்களை அடுக்கடுக்காகச் சேர்த்த கோபுரம் என்று நமக்குப் பழகியிருக்கிறது. அவர்களுடைய ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ அதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார். ஒரே பகுதியை மறுபடி பாடவோ வாசிக்கவோ செய்து, நாடாவின் வேகத்தை மயிரிழை மாற்றி, முதல் பதிவின்மேல் சேர்ப்பார். சுருதி துளி விலகி நிற்பதால் நாலு பேர் ஊர்த் திருவிழாக் கூட்டம் மாதிரிக் கேட்பார்கள். இந்தப் பாட்டில் அந்தக் கூட்டமே கிடையாது. ஃப்ரீடாவின் குரல் ஒன்று. பென்னியின் சிந்தசைசர். ஒரு கடிகாரத்தின் டிக் டிக். அவ்வளவுதான். அணைந்துகொண்டிருக்கும் கணப்புக்குப் பக்கத்தில் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அறையில் நினைவு நடமாடுகிறது.

இந்தப் பாட்டை முதல்முறை இரவு நிகழ்ச்சியில் போட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். தட்டைக் கொடுத்துவிட்டு நான் நூலகத்துக்குத் திரும்பிவிட்டேன். பாட்டு கடிகாரச் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கும். அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் அந்த டிக் டிக்கைக் கேட்டு, தட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஊசி ஒரே இடத்தில் தட்டுகிறது என்று நினைத்து, ஒலியைக் குறைத்து வேறு தட்டைப் போட்டுவிட்டார். வருந்துகிறோம் என்று அறிவிப்பும் போயிற்று. நான் ஓடி வந்து, "அது கடிகாரம் சார், பாட்டிலேயே இருக்கு" என்றேன். அவர் காதொலிக்கருவியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவரே கேட்டு வாங்கி ஒலிபரப்பினார். அந்தத் தட்டின் மினுங்கல் அன்றிலிருந்து குறைய ஆரம்பித்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அந்தத் தொகுப்பு உருவான காலத்தையும் நினைத்துப் பாருங்கள். குழுவுக்குள் இரண்டு தம்பதிகள். அக்னெத்தாவும் பியோர்னும் முன்பே பிரிந்துவிட்டார்கள். பென்னியும் ஃப்ரீடாவும் பிரிவதாக 1981 தொடக்கத்தில் அறிவித்தார்கள். அதே வருஷம் நாலு பேரும் ஒரே ஸ்டூடியோவுக்கு வந்து, ஒருவர் எழுதியதை ஒருவர் பாடினார்கள். உறையைப் பார்த்தாலே தெரியும். ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில், ஓவியர் யூலியஸ் க்ரோன்பெர்க்கின் பழைய ஓவியக்கூடத்தில் எடுத்த படம். இருட்டு அறை, பெரிய ஓவியம், நாலு பேரும் தள்ளித் தள்ளி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அழைப்பு மணி அடிப்பதைக் கேட்டு நடுங்குகிற ஒருவரைப் பற்றியது தலைப்புப் பாட்டு. சோவியத் நாட்டில் அரசை எதிர்த்தவர்களின் பயத்தை மனதில் வைத்து எழுதினது. நடனப் பாட்டுக் குழு என்று பெயர் வாங்கினவர்கள் இதை ஒரு தொகுப்பின் முதல் பாட்டாக வைத்தார்கள் என்பதை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், நம் தொழில்காரர்களுக்குப் பிடிக்கும். இந்தத் தொகுப்பு பாதி தயாரானபோதே அவர்கள் டிஜிட்டல் ஒலிப்பதிவுக்கு மாறினார்கள். 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹானோவர் அருகே சிடி ஆலை தட்டுகளை அச்சிடத் தொடங்கியபோது, முதலில் வெளிவந்தவற்றில் 'தி விசிட்டர்ஸ்' ஒன்று. சிடியில் உள் வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அந்தக் கடிகாரம் கடைசி விநாடிவரை துல்லியமாகக் கேட்கும்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான பாட்டுக்கு வருகிறேன். இது எந்தத் தொகுப்பிலும் சேராமல் 1982 அக்டோபரில் தனித்தட்டாக வந்தது. 'தி டே பிஃபோர் யூ கேம்'. நீ வந்ததற்கு முந்தின நாள். ஏறத்தாழ ஆறு நிமிஷம். பல்லவி என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு பெண் தன் பழைய நாள் ஒன்றை நினைத்துப் பார்க்கிறாள். வீட்டைவிட்டுக் கிளம்பினது, ரயில், அலுவலகம், மதியச் சாப்பாடு, வீடு திரும்பினது, தொலைக்காட்சி, புத்தகம், தூக்கம். வேறு எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு சரணமும் முடிகிற இடத்தில் தலைப்பு வந்து நிற்கிறது.

நேயர்களே, அந்தப் பெண் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. நம் மொழியில் 'போயிருப்பேன்', 'சாப்பிட்டிருப்பேன்', 'படித்திருப்பேன்' என்போமே, அந்தத் தொனியிலேயே பாட்டு முழுக்கப் போகிறது. அந்த நாள் அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அதில் எதுவுமில்லை. எல்லா நாளும் அப்படித்தான் இருந்தது, ஆகவே அதுவும் அப்படித்தான் இருந்திருக்கும். வந்தவர் யார், வந்த பிறகு என்ன ஆயிற்று, இரண்டையும் பாட்டு சொல்வதில்லை. மகிழ்ச்சியான முடிவு என்றால் பின்னணியில் ஃப்ரீடாவின் குரல் ஏன் அப்படி ஓலம்போல் எழும்புகிறது? எத்தனை முறை கேட்டும் எனக்குள் இந்தக் கேள்வி தீரவில்லை. ஒலிப்பதிவின்போது இதற்கு அவர்கள் வைத்திருந்த தற்காலிகப் பெயருக்கு 'துன்புறும் பறவை' என்று அர்த்தம். அக்னெத்தா ஸ்டூடியோ விளக்குகளைத் தணித்துவிட்டுப் பாடினார் என்று ட்ரெட்டோ பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவ்வளவு வளமான குரல்காரர், இதில் தேர்ந்த பாடகி போலவே பாடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொல்வது மாதிரிப் பாடுகிறார்.

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இந்தப் பாட்டு 32-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பத்து இடங்களுக்குள் வருவதே வழக்கமாயிருந்தவர்களுக்கு அது தோல்விதான். இரண்டு வருஷம் கழித்து ப்ளாங்மான்ஜ் என்ற குழு இதே பாட்டைப் பாடி, அவர்களைவிட மேலே, 22-ஆம் இடத்துக்குப் போனது. பட்டியல்களை நம்புவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் நிலையத்திலும் இதை ஒலிபரப்ப இடம் கிடைக்கவில்லை. செய்திக்கு முன்னால் நாலு நிமிஷம் இருக்கும், ஐந்து நிமிஷம் இருக்கும், ஆறு இருக்காது. பாதியில் ஒலியைக் குறைத்தால் இந்தப் பாட்டு செத்துப்போகும். மூன்றாவது சரணத்தில்தான் இரவு வருகிறது. காத்திருந்து காத்திருந்து ஒரு மழை நாள் இரவில், வேறு நிலையத்திலிருந்து வரவேண்டிய அஞ்சல் நிகழ்ச்சி ஒன்று வராமல்போக, அந்த இடைவெளியில் முழுதாகப் போட்டேன். பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஊரும் பெயரும் இல்லை, ஒரு பெண்ணின் கையெழுத்து என்று தோன்றியது. ஆங்கிலம் தனக்கு அரைகுறைதான் என்றும், அந்தப் பாட்டில் ஒரு பெண் தினமும் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவது மட்டும் புரிந்தது என்றும், கேட்டு முடித்ததும் அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றதாகவும் எழுதியிருந்தார். அந்த அட்டையை நூலகப் பதிவேட்டுக்குள் பல காலம் வைத்திருந்தேன்.

நேரம் போய்விட்டது. சொல்ல நினைத்ததில் பாதிகூட ஆகவில்லை. 'டான்சிங் குவீன்' தட்டின் மறுபக்கத்தில் இருக்கும் 'தட்ஸ் மீ', 'சூப்பர் ட்ரூப்பர்' தட்டின் மறுபக்கத்தில் லத்தீன் வரியோடு வரும் 'தி பைப்பர்', ஆறு நிமிஷத்துக்குச் சிறகு விரிக்கும் 'ஈகிள்', இவற்றை இன்னொரு நாள் பேசுவோம். என் வரிசையைக் கேட்டீர்களானால், கடைசிப் பாட்டை வைத்து இதோ: முதலில் 'தி விசிட்டர்ஸ்'. இரண்டாவது 'சூப்பர் ட்ரூப்பர்', லண்டன் வெம்பிளி அரங்கில் பென்னி அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்க, நண்பர்களைப் பற்றிப் பாடுகிற பாட்டோடு அது முடிகிறது. சின்ன வயதில் பென்னிக்கு அப்பாவும் தாத்தாவும் கற்றுக்கொடுத்த வாத்தியம் அது. மூன்றாவது 'அரைவல்', ஸ்வீடன் கிராமிய மெட்டின் சாயலில், சொற்களே இல்லாத பாட்டோடு முடிவதற்காக. அப்புறம் 'தி ஆல்பம்'. அப்புறம் ஏறத்தாழ 40 வருஷ மௌனத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் வந்த 'வாயேஜ்'. மற்றவற்றை நீங்கள் உங்கள் விருப்பப்படி அடுக்கிக்கொள்ளுங்கள், எழுதியும் அனுப்புங்கள், அடுத்த முறை வாசிக்கிறேன்.

உங்கள் வீட்டில் பழைய தட்டு ஏதாவது இருந்தால், யாருடையதாக இருந்தாலும் சரி, இன்றைக்கு ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். மினுங்குகிற இடத்தில் ஊசியை வையுங்கள். எனக்கு இன்றைக்கு நிகழ்ச்சி அமைப்பாளர் பெரிய மனதோடு முழுதாக ஆறு நிமிஷம் ஒதுக்கித் தந்திருக்கிறார். தட்டு சுழல ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது சரணம்வரை கூட இருங்கள்.