கப்பலுக்கு முன்னால் நின்றவர்: நிக்கோபார் ஊர்த் தலைமையின் வரலாறு



நம்முடைய தர்மபுரி கடல் இல்லாத மாவட்டம். பரிசல் தெரியும், கப்பல் தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, வங்கக் கடலின் தென்கிழக்கு மூலையில் கிடக்கும் நிக்கோபார்த் தீவுகளின் தலைவர்களைப் பற்றித் தலைமை உரையா என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே அறுபது வயது தாண்டியவர்களுக்கு இரண்டு நாற்காலிகள் நினைவிருக்கும். ஒன்று மணியகாரருடையது. கிஸ்தி வசூல், தாலுகா ஆபீஸ், ஜமாபந்தி, போலீஸ் வந்தால் முதலில் கூப்பிடும் ஆள் எல்லாம் அவர். இன்னொன்று ஊர்க்கவுண்டருடையது. கோயில் காப்புக் கட்டு, பங்காளிச் சண்டை, கல்யாணம், சாவு என்றால் அவர். சில ஊர்களில் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை மாநில அரசு ஒழித்ததும் மணியகாரர், கர்ணம் இருவரும் போனார்கள், வி.ஏ.ஓ. வந்தார். ஊர்க்கவுண்டர் எங்கும் போகவில்லை. அவரை நியமித்தது அரசு இல்லையே, நீக்குவதற்கு!

அரசுக்காக ஊர் முன்னிறுத்தும் ஆள் ஒருவர், ஊர் தனக்காக வைத்துக்கொள்ளும் ஆள் இன்னொருவர். இந்த இரட்டை ஏற்பாட்டை ஒரு தீவில் வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரிகிறது. தீவுக்கு வெளியாள் வரும் வழி ஒன்றுதான், அவன் வந்த நாளும் பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது.

பழைய பதிவுகளில் ஒன்று நம்முடையது. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வென்ற இடங்களைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் இடம்பெறுகிறது. அந்தப் பட்டியலில் தோற்ற அரசனின் பெயர் உண்டு, கடாரத்து மன்னன். நக்கவாரத்துக்கு இடப்பெயர் மட்டும்தான், ஆளின் பெயர் இல்லை. பிடித்துக்கொண்டுவர அங்கே ஓர் அரசன் இல்லை என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து டேனிஷ்காரர்களைப் பார்ப்போம். அவர்களும் தமிழ்நாட்டு வழியாகத்தான் போனார்கள். தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட கப்பல் 1756இல் தீவுகளுக்கு டென்மார்க் அரசரின் பெயரைச் சூட்டியது. 1768இல் தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவியக் கிறிஸ்தவச் சபையார் நன்கவுரித் தீவில் ஒரு குடியிருப்பு போட்டார்கள். காய்ச்சலில் ஒவ்வொருவராகச் சாக, 1787இல் விட்டுவிட்டு வந்தார்கள். இடையில் 1778இல் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று வந்து, தீவுக்காரர்களிடம் ஒப்பாவணம் வாங்கிக்கொண்டு கொடி நட்டது. அந்தத் தாளில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர் தீவுக்காரர்களில் ஒருவரும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் யாரோ சிலர் முன்னால் வந்து நின்று சம்மதம் சொன்னார்கள். கப்பல்காரன் அவர்களைத் தலைவர்கள் என்று எழுதிக்கொண்டான்.

என் வாதமே இதுதான். நிக்கோபாரில் ‘தலைவர்’ என்று ஆவணங்கள் சொல்லும் ஆள், முதலில் கப்பலுக்கு முன்னால் வந்து நின்ற ஆள். தேங்காய் வாங்க வந்த வியாபாரிகளில் பர்மாக்காரர்களும் மலபார்க்காரர்களும் நம் சோழமண்டலக் கரையின் மரக்காயர்களும் உண்டு. எல்லாருக்கும் தேவைப்பட்டவர் விலை பேச ஒருவர், பாஷை கொஞ்சம் தெரிந்த ஒருவர். அப்படி ஒருவர் கிடைத்ததும் அவருக்கு ஒரு பழைய கோட்டு, ஒரு தொப்பி, ‘இவர் நேர்மையானவர்’ என்று ஒரு சீட்டு. 1858இல் நோவாரா என்ற ஆஸ்திரியப் போர்க்கப்பல் கார் நிக்கோபார்த் தீவில் நின்றபோது, தீவுக்காரர்கள் இந்தச் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்துவந்து காட்டியதாக அந்தப் பயண நூலில் இருக்கிறது. இங்கிலீஷ் பிரபுக்களின் பெயரையும் மாலுமிகளின் பெயரையும் தங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் என்ற பட்டமும் இந்த வழியில் ஒட்டிக்கொண்டதுதான். இன்றும் நிக்கோபாரில் ஊர்த் தலைவருக்குக் கேப்டன் என்றுதான் பெயர். முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன், மூன்றாம் கேப்டன் என்று ஊருக்கு மூவர் வரிசையாக இருப்பார்கள்.

1869இல் ஆங்கிலேயர் தீவுகளை எடுத்துக்கொண்டு, கமோர்ட்டாத் தீவில் கைதிகள் குடியிருப்பு அமைத்தார்கள். 1888இல் அதை மூடினார்கள். ஆனால் அவர்கள் உண்டாக்கிய ஓர் ஏற்பாடு நின்றுவிட்டது. அரசு ஏற்றுக்கொண்ட ஊர்த் தலைவருக்கு ஒரு நியமனச் சான்று, ஒரு ஜோடி உடுப்பு, ஒரு பிரிட்டிஷ் கொடி, வந்துபோகும் கப்பல்களைக் குறித்துவைக்க ஒரு புத்தகம். எழுதத் தெரியாதவர் கையில் புத்தகம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். எழுத வேண்டியது கப்பல்காரன். தலைவர் அதைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்து வரும் அதிகாரியிடம் நீட்ட வேண்டும். நம் கர்ணத்தின் அடங்கல் பதிவேட்டுக்கு ஒருவகையில் தம்பி முறை.

இந்த இடத்தில் தர்மபுரிக்காரர்கள் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து, தர்மபுரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்ஸாண்டர் ரீடின் கீழ் வேலை பார்த்த இளைஞர் தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில்தான் இருந்தார், தர்மபுரியிலேயே வீடு கட்டித் தோட்டம் போட்டு வாழ்ந்தார். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், ஒவ்வொரு ரயத்தோடும் சர்க்கார் நேராகப் பேசட்டும் என்ற முறை இங்கேதான் உருப்பெற்றது. அதே ஆங்கிலேயர், நிலவரி கிடைக்காத நிக்கோபாரில், ஊருக்கு ஒரே ஓர் ஆளைத் தேடினார்கள். வரி கிடைக்கிற இடத்தில் வீடு வீடாகப் போனார்கள். கிடைக்காத இடத்தில் கொடியைக் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஆட்சிக் கொள்கை பற்றிய பெரிய நூல்களைவிட இந்த ஒரு வேறுபாடு எனக்கு அதிகம் சொல்கிறது.

சரி, கொடியை வாங்கிக்கொண்ட அந்த மனிதருக்கு ஊருக்குள் என்ன அதிகாரம் இருந்தது? மிகக் குறைவு. கார் நிக்கோபாரில் நிலமும் தென்னையும் பன்றியும் துஹேத் எனப்படும் கூட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். எந்த மரத்தில் யார் காய் பறிப்பது, யார் எங்கே குடிசை போடுவது என்பதெல்லாம் துஹேத்தின் மூத்தவர்கள் பேசி முடிவு செய்வது. அந்தக் குடும்பத்தில் மூத்த பெண்ணின் சொல்லுக்கும் எடை உண்டு. மதிப்பு வேண்டுமென்றால் பன்றி அடித்து ஊருக்கு விருந்து வைக்க வேண்டும். சேர்த்து வைத்தவனுக்கு மதிப்பில்லை, கொடுத்தவனுக்குத்தான் மதிப்பு. கேப்டனின் கோட்டுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இதற்குச் சாட்சி சொல்ல ஒரு தமிழர் இருக்கிறார். சென்னையிலிருந்து போன வேதப்பன் சாலமன் 1890களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறினார். சம்பளம் அரசு ஏஜென்டுக்கு உரியது. வேலையோ உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியார், வானிலைக் குறிப்பாளர், துறைமுக அதிகாரி, சில்லறை வழக்குகளின் பஞ்சாயத்துக்காரர் எல்லாம் சேர்ந்தது. அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் லண்டன் மானிடவியல் இதழில் வெளியாயின. தலைவர் கட்டளையிட்டால் ஊர் கேட்கும் என்று நாம் நினைக்கலாம். சாலமன் வாழ்ந்த மூஸில் நிலைமை அப்படி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பேய் பிடித்தவர் என்று ஊர் முடிவுகட்டிய ஆளைக் கொன்றுவிடும் வழக்கம் அந்தத் தீவில் இருந்தது. கொடூரமான வழக்கம், மழுப்புவதற்கில்லை. ஆங்கிலேயர் இதை நிறுத்தச் சொல்லித் தலைவர்களை மிரட்டினார்கள், தண்டம் விதித்தார்கள். பலன் சொற்பம். முடிவெடுத்தவர் தலைவர் இல்லை, ஊரார் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. சான்று வைத்திருந்தவருக்கு அதைத் தடுக்கும் பலம் கிடையாது. சில சமயம் தடுக்கும் மனமும் கிடையாது.

சாலமனின் பள்ளிக்கூடத்தில் படித்த மூஸ் கிராமத்துச் சிறுவன் ஒருவனைப் பர்மாவில் மண்டலேவுக்குப் படிக்க அனுப்பினார்கள். பிறந்தபோது ஹா சேவ் கா, பிறகு ஜான் ரிச்சர்ட்சன். படிப்பு முடிந்து ஊர் திரும்பி ஆசிரியராக, பாதிரியாராக வேலை செய்தார். விவிலியத்தைக் கார் நிக்கோபார் மொழிக்குக் கொண்டுவந்தார். 1942இல் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். தங்கள் ஆட்சிக் காலத்தில், ஆங்கிலேயருக்கு ஒற்று வேலை பார்த்ததாகப் பழி சுமத்திப் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சனும் சிறைப்பட்டார், உயிர் தப்பினார். 1950இல் ஆயர் ஆனார். 1952இல் குடியரசுத் தலைவரின் நியமனத்தில் முதல் மக்களவைக்குப் போனார், அந்தமான் நிக்கோபாரின் முதல் எம்.பி. 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண், 1978இல் மறைவு.

வெளியாருக்காக உண்டான நாற்காலி ஊருக்கே வேண்டியதாக மாறிய கட்டம் இந்த மனிதரோடு வருகிறது. ஜப்பானியர் காலத்தின் அடியில் நொறுங்கிப் போன ஊர்களுக்கு, டெல்லியிடம் பேசவும் தங்களுக்குள் கூடவும் ஒரே ஆள் தேவைப்பட்டார். தெற்கே நன்கவுரியில் அந்த இடத்தில் பெண்கள் இருந்தார்கள். ராணி இஸ்லோன், அவருக்குப் பின் ராணி லட்சுமி. ராணிகளைப் பற்றி நம் ஆய்வுகளில் இன்னும் ஒழுங்கான ஓர் அத்தியாயம் வரவில்லை என்பது என் மனக்குறை.

1956இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியாரின் குடியேற்றத்தையும் வியாபாரத்தையும் கட்டுப்படுத்தியது. பஞ்சாயத்து ராஜ் அங்கே போகவில்லை. அதற்குப் பதிலாகக் கேப்டன்களும் அவர்கள் சேர்ந்த பழங்குடி மன்றங்களும் இருந்தன. 2009இல் இவை சட்ட வடிவம் பெற்றன.

இதற்கிடையே 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை வழித்துக்கொண்டு போனது. மூத்தவர்கள், கேப்டன்கள், துஹேத்தின் நினைவைச் சுமந்தவர்கள் பலர் ஒரே காலைப்பொழுதில் போய்விட்டார்கள். பிழைத்தவர்களின் தலைவர்கள் அரசிடம் கேட்டது முக்கியமாகக் கருவிகள், வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று. கிடைத்ததோ தகரக் கொட்டகைகள். நிவாரணப் பணம் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற அளவில் தனித்தனி வங்கிக் கணக்கில் விழுந்தது. விண்ணப்பப் படிவத்தில் துஹேத் என்று ஒரு கட்டம் இல்லை. பல தலைமுறையாக மிஷனும் சர்க்காரும் அசைக்க முடியாத கூட்டுக் குடும்பத்தை ஒரு படிவம் பங்கு போட்டது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்ததாக நான் நினைக்கவில்லை. கணினியில் அப்படித்தான் பதிய முடியும் என்று ஒரு குமாஸ்தா சொல்லியிருப்பார். நமக்குத் தெரியாத குமாஸ்தாவா?

கடைசியாக ஒரு கையெழுத்து. கிரேட் நிக்கோபாரில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று தொடக்க மதிப்பில் சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டம், அதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு. 2022 ஆகஸ்டில் லிட்டில், கிரேட் நிக்கோபார் பழங்குடி மன்றம் தடையில்லாச் சான்று தந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்பதைத் தங்களிடம் முழுமையாகச் சொல்லவில்லை, அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது மன்றத்தின் குற்றச்சாட்டு. திட்டத்தின் நன்மை தீமை இந்த மேடையின் பொருள் இல்லை. 1778இன் ஆவணத்தையும் 2022இன் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்படி இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டிலும் வந்தவர்களுக்கு முன்னால் நின்ற சிலரின் சம்மதம் வேண்டியிருந்தது. இரண்டாவதில் அவர்கள் சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். 1778இல் அப்படி நடந்திருந்தால் அதை எழுதிவைக்கத் தீவுக்காரர்களில் ஒருவரும் இல்லை.

இன்றும் நாளையும் படிக்கப்போகும் கட்டுரைகளில் நம் பக்கத்து மலைகளான கல்வராயன், சித்தேரி, வத்தல்மலை பற்றியவையும் உண்டு என்று அறிகிறேன். கல்வராயன் மலையின் ஜாகிர்தார்களை 1976இல் அரசு அகற்றியபோது, அவர்களுக்குக் கீழே இருந்த ஊர்ப் பெரியவர்கள் என்ன ஆனார்கள்? மலையில் சாலை வந்ததும் யார் கீழே இறங்கிவந்து பேசினார், அவரை அனுப்பியது யார்? இந்தக் கேள்விகளுக்குக் கெஜட்டியரில் பதில் தேட வேண்டாம். இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் தேநீர் இடைவேளையில் கேளுங்கள். கட்டுரைக்கு இருபது நிமிடம், விவாதத்துக்குப் பத்து நிமிடம் என்று ஒருங்கிணைப்பாளர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். விவாத நேரத்தில் முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.