ஒரே அடுப்பில் பொங்கல் விருந்துக் காய்கள்

பொங்கலுக்கு 50 இலைச் சாப்பாடு ஆர்டர் எடுத்தால், எங்க குழுவில் சோறு, சாம்பாருக்கு யாரும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் கறி, கூட்டுக்குத்தான். கூட்டு ஊசிப்போச்சுன்னா அடுத்த ஆர்டர் வராது. அதனால் எதை எப்போ அடுப்பில் ஏத்தணும்னு முதல்நாளே பேசி வச்சுக்குவோம்.

முதலில் சேனைக்கிழங்கு. புளித்தண்ணீரில் வேகவைத்தால் அரிப்பும் இருக்காது, மதியம் வரைக்கும் தாங்கும். அடுத்து வாழைக்காய் வறுவல். நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போடுங்க, கறுக்காது. பூசணிக் கூட்டுக்குப் பாசிப்பருப்பு வெந்து தயாரா இருக்கட்டும். தேங்காய் அரைத்து ஊற்றுவது பந்திக்கு அரைமணி முன்னால்தான். அவியலும் கடைசிதான். அடுப்பை அணைத்த பிறகே தயிர் சேர்க்கணும், இல்லைன்னா திரிஞ்சிடும்.

பீன்ஸ் 3 கிலோ போதும். மூடி வேகவைத்தால் கேஸ் மிச்சம், ஆனா நிறம் செத்துப்போகும். நாங்க மூடுவதில்லை. வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு அடுப்பே வேண்டாம்; உப்பை மட்டும் பரிமாறும்போது போடுங்க.

ஆட்டோவில் ஏத்தும்போது சூட்டோடு இறுக மூடிடாதீங்க. ஆவி வியர்த்துச் சொட்டினால் பொரியல் நொசநொசத்துப் போயிடும்.