பங்காளிகளின் வழக்கு



நான் அனலைதீவில் பிறந்தவன். ஒல்லாந்தர் ரொட்டர்டாம் என்று பெயரிட்ட தீவு அது. ஒல்லாந்தரும் போயினர், அவர்கள் இட்ட பெயரும் போயிற்று. எமது ஊர் சைவ ஊர். ஆயினும் வள்ளம் ஏறினால் நாம் சென்று இறங்கும் துறை ஊர்காவற்துறை. அங்கே கோயிலும் உண்டு, தேவாலயமும் உண்டு.

சிறுவயதில், ஒரு தவக்காலத்திலே, அங்கு நடைபெற்ற பாஸ் நாடகத்தைப் பார்க்க ஆச்சி என்னைக் கூட்டிச் சென்றார். மேடையில் நீண்ட அங்கியும் தாடியுமாகப் பரிசேயர் வந்தனர். சனம் அவர்களைக் கண்டதும் முணுமுணுத்தது. மறுநாட் காலை வள்ளத்தில் திரும்பும்போது ஆச்சி கேட்டார்: "மோனை, உந்தப் பரிசேயர் ஆர்? யேசுவின்ரை ஆக்கள்தானோ? ஒரே சனமெண்டால் பேந்தேன் அடிபட்டவை?"

எனக்கு விடை தெரியவில்லை. இன்று அதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலாம் நூற்றாண்டில் யூத சமயம் ஒரே கட்டாக இருக்கவில்லை. அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ், பரிசேயர், சதுசேயர், எசேனியர் என மூன்று பிரிவினரைப் பிரதானமாகக் குறிப்பிடுகிறார். உரோம ஆட்சிக்கு அடங்க மறுத்த நாலாவது கூட்டத்தாரையும் சேர்த்துக்கொள்கிறார். சதுசேயர் ஆலயக் குருகுலத்தையும் செல்வக் குடும்பங்களையும் சார்ந்தோர். எழுதப்பட்ட நியாயப்பிரமாணத்துக்கு அப்பால் எதனையும் ஏற்காதவர். மரித்தோர் உயிர்த்தெழுவர் என்பதை மறுத்தவர். பரிசேயரோ முன்னோரின் வாய்மொழி மரபையும் போற்றியவர், உயிர்த்தெழுதலை நம்பியவர், சாதாரண மக்களிடையே செல்வாக்குப் பெற்றவர். எசேனியர் உடைமைகளைப் பொதுவாக்கி, நீராடித் தூய்மை பேணி, ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்தவர். 1947 முதல் சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளிற் கிடைத்த ஏட்டுச் சுருள்களை இவர்களோடு தொடர்புபடுத்துவோர் பலர்.

யேசு எசேனியரிடம் பயின்றார் என்று சிலர் எழுதுவர். அதற்குச் சான்று இல்லை. புதிய ஏற்பாடு எசேனியரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பொதுவுடைமையும் பொதுப்பந்தியும் ஆதித் திருச்சபையிலும் இருந்தன என்பது மெய். ஆனால் எசேனியர் தீட்டுக்கு அஞ்சி ஒதுங்கினர்; யேசுவோ ஊரார் வெறுத்த வரி வசூலிப்போரோடு அமர்ந்து உணவருந்தினார்.

கொள்கையளவில் யேசுவுக்கு அண்மையில் நின்றவர் யார் எனக் கேட்டால், நேயர்கள் வியப்படையலாம். பரிசேயரே! உயிர்த்தெழுதல், வானதூதர், இறுதித் தீர்ப்பு ஆகியவற்றில் இரு பகுதியினரும் ஒரு பக்கம். எம்மவர் சின்னப்பர் என்று அழைக்கும் பவுல், தாம் பரிசேயர் என்பதை மறைக்கவேயில்லை. கமாலியேல் என்னும் பரிசேய ஆசானின் பாதத்தடியிற் பயின்றவர் அவர். அப்போஸ்தலரைக் கொல்ல ஆலோசனை நடந்தபோது, இது மனிதர் செயலாயின் தானே அழியும், கடவுளின் செயலாயின் உங்களால் அழிக்க முடியாது என்னும் கருத்தைச் சொல்லித் தடுத்தவரும் அந்தக் கமாலியேலே. கி.பி. 62 இல் யேசுவின் சகோதரர் எனப்பட்ட யாக்கோபுவைக் கொல்வித்தவர் சதுசேயப் பிரதான குரு. நியாயப்பிரமாணத்தை நுணுகிக் கைக்கொண்ட யூதரே அதனை எதிர்த்து முறையிட்டனர் என்கிறார் ஜோசீபஸ்.

அவ்வாறாயின் சுவிசேஷங்களில் பரிசேயர் மீது அத்துணை கடுஞ்சொல் ஏன்? கி.பி. 70 இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை எரித்தனர். ஆலயம் போக, அதனையே பற்றுக்கோடாகக் கொண்ட சதுசேயரும் மறைந்தனர். கும்ரானும் அழிந்தது. எஞ்சியோர் இரு வீட்டார்: பரிசேயர் வழிவந்த ரபிமார், யேசுவின் அடியார். ஒரே வேதம், ஒரே முற்பிதா. முதுசத்துக்கு உரியவர் யார் என்பதே வழக்கு. மத்தேயுவின் சுவிசேஷம் இக்காலத்தில் எழுந்தது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. அதன் கடுமை பங்காளிச் சண்டையின் கடுமை. எல்லைவேலிக்கு வழக்காடுவோர் பேசும் பேச்சு எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

ஆனால், அண்ணன் தம்பி ஏசிக்கொண்ட சொல்லை அயலான் பொறுக்கியெடுத்து ஆயுதமாக்கினால் என்னவாகும்? ஐரோப்பாவில் அதுதான் நடந்தது. நூற்றாண்டுகளாக யூதர் அச்சொற்களால் அடிபட்டனர். ஹிட்லரின் காலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டமைக்குக் காரணங்கள் பல. அந்தப் பழைய வெறுப்பும் அவற்றில் ஒன்று. 1965 இல் வத்திக்கான் சங்கம், யேசுவின் மரணப் பழியை யூத இனம் முழுவதன் மீதும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. காலந்தாழ்ந்த சொல்; ஆயினும் வேண்டிய சொல்.

எம் மண்ணில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சாயிற்று. 1854 இல் அவர் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' கிறிஸ்தவரை மறுக்க எழுந்த நூல்தான். ஆயினும் அதிலே யூத ஆலயத்தின் விளக்கும் தூபமும் படையலும் சைவக் கிரியைகளோடு வைத்து ஒப்பிடப்படுகின்றன. விவிலியத்தை வரிவரியாகக் கற்ற பின்பே நாவலர் வாதுக்கு இறங்கினார். பரிசேயன் என்ற சொல்லை இன்றும் வேடதாரி என்னும் பொருளில் வீசுகின்ற நாம், சைவராயினும் கிறிஸ்தவராயினும், அவர்களைப் பற்றி எவ்வளவு கற்றோம்?

ஆச்சி இன்று இல்லை. இருந்தால் சொல்வேன்: "ஓமணை ஆச்சி, ஒரே சனந்தான். அதாலைதான் அவ்வளவு சண்டை." மேடையில் வந்த அந்தத் தாடிக்காரரையும் அவர் சற்று இரங்கிப் பார்த்திருப்பார்.