சிறு எஞ்சினும் அதன் வேகமும்

1956ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்திற்கென ஆக்கப்பட்ட சிறிய எஞ்சின் ஒன்றைப் பூட்டி ஒரு குறுவண்டியை ஓட்டினார். கோ-கார்ட் எனும் வண்டி அவ்வாறே தோன்றிற்று. அத்தகைய எஞ்சின் யாழ்ப்பாணத்தவராகிய நமக்குப் புதிதன்று. உரும்பிராயிலும் கோண்டாவிலிலும் செம்மண் தோட்டக் கிணறுகளில் நீரிறைப்பது அதன் உடன்பிறப்பே.

அதனை வண்டியிற் பூட்டினால் எவ்வளவு வேகம் செல்லும்? எஞ்சின் நிமிடத்திற்கு 3600 முறை சுழல்கிறது என்க. அதன் பற்சில்லில் 10 பற்கள். வண்டி அச்சின் பற்சில்லில் 60. சுழற்சி ஆறில் ஒன்றாகக் குறைந்து, வண்டிச் சில்லு 600 முறை சுழலும். சில்லின் சுற்றளவு ஒரு மீற்றராயின் நிமிடத்திற்கு 600 மீற்றர். அஃதாவது மணிக்கு 36 கிலோமீற்றர்.

60 பல்லை 30 ஆக்கினால் 72 வருமே எனலாம். கணக்கில் வரும், வீதியில் வருதல் அரிது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல எட்டு மடங்கு வலு வேண்டும். சிறு எஞ்சின் அதற்கு எங்கே போகும்?

இன்னொன்றும் உண்டு. மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது நொடிக்கு 10 மீற்றர். பிறேக்கை மிதிக்க எண்ணுவதற்குள்ளேயே ஒரு நொடி கழிந்து, வண்டி 10 மீற்றர் ஓடிவிடும். மேடு பள்ளம் குறைந்த நமது குடாநாட்டில் விரைந்து ஓட்டுவது எளிது. ஆயின், ஒழுங்கையின் வேலித் திருப்பத்திற்கு அப்பால் பள்ளிப் பிள்ளை வருவது தெரியாது. ஆதலால், வேகத்தைக் கணக்கிடும் இளைஞர், நிறுத்தும் தூரத்தையும் கணக்கிட்ட பின்னரே எஞ்சினை முடுக்குவாராக.