வாசல்காரனின் குரல்

மைசூரில் நாடகப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சமூக நீதி, கலை, அடையாளம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எனக்குப் பிடித்த ஒரு பாட்டின் வழியாக அதற்குள் போகிறேன்.

மைசூர் என்றால் அரண்மனையும் தசராவும்தான் நம் நினைவுக்கு வரும். இதே மைசூர், மண்டியா, சாமராஜநகர் வட்டாரங்களில் நீலகாரர்கள் என்ற பாடகர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். தோளில் தம்பூரி. கையில் கக்கரா, அதாவது உள்ளே மணிகள் உருளும் உலோக வளையம். விளக்கை ஏற்றி வைத்துவிட்டு விடிய விடிய மண்டேசுவாமி என்ற சாமியின் கதையைப் பாடுவார்கள். பாடகர் ஓர் அடியை விட்ட இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் கக்கரா மட்டும் சலசலக்கும். அதை ஒருமுறையாவது நேரில் கேட்க வேண்டும் நீங்கள்.

கதையில் ஓர் இடம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவரைப் பின்பற்றிய சரணர்களும் சாதியே இல்லை என்று சொல்லி வாழ்ந்த நகரம் கல்யாண், இன்றைய பசவகல்யாண். அவர்கள் சொல்வதும் செய்வதும் ஒன்றுதானா என்று பார்க்க மண்டேசுவாமி அங்கே வருகிறார். சாமி கோலத்தில் வரவில்லை. அருகே நிற்க முடியாத நாற்றத்தோடு, கையில் கள்ளோடு வந்து நிற்கிறார். வாசலில் மறிக்கிறார்கள். கடைசியில் பசவண்ணரே வந்து பணிந்து உள்ளே அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

நமக்கு நந்தனார் கதை தெரியும். தில்லை வாசலில் நின்றவர் தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போனார். அங்கே சோதனை வெளியே நிற்பவருக்கு. இங்கே சோதனை உள்ளே இருப்பவர்களுக்கு! அதுவும் சமத்துவம் பேசிய நல்லவர்களுக்கு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் இப்படி ஒரு கேள்வியைப் பாட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்தக் காட்சியைப் பயிற்சிக்குக் கொடுப்பேன். வாசல்காரன் வேடம் கிடைத்தால் பிள்ளைகள் மீசையை முறுக்கிக் கத்துவார்கள். ஒருமுறை ஒரு மாணவன் கத்தவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க சார், எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு? வீட்ல என்ன சமைப்பீங்க? எங்களுக்கு ஒண்ணும் இல்லை சார், மாடியில பெரியவங்க இருக்காங்க" என்றான். கூடம் அமைதியாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவன் அறை தேடி அலைந்திருக்கிறான். அவனிடம் வீட்டுக்காரர் ஒருவர் பேசிய குரல் அது. யாரும் அவனைத் திட்டவில்லை, விரட்டவில்லை. அறையும் கிடைக்கவில்லை. இன்றைய வாசல்காரன் எப்படிப் பேசுவான் என்று அன்று அவன்தான் எங்களுக்குக் காட்டினான்.

வாசலில் மறிப்பதைப் பற்றிப் பேசும்போது 1973-ஐ விட முடியாது. அந்த ஆண்டு இந்த மைசூரில்தான் அமைச்சர் பசவலிங்கப்பா கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி பூசா, மாட்டுத் தவிடு என்றார். கலவரம் வெடித்தது, தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. மகாகவி குவெம்பு அவருக்கு ஆதரவாகப் பேசினார். அந்தச் சூட்டில் எழுந்த இயக்கம்தான் தலித் சங்கர்ஷ சமிதி. அதை வளர்த்தவர்களில் ஒருவர் மைசூரில் வாழும் தேவனூர் மகாதேவா. 1990-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'குசுமபாலே' நாவலில் விளக்குச் சுடர்கள் கூடிப் பேசும். கட்டில் கதை சொல்லும். அந்த நடை நீலகாரர்களின் மண்ணில் விளைந்தது. அந்த நாவலைத் தேடிப் படியுங்கள்.

பாட்டுக்கே திரும்புகிறேன். மண்டேசுவாமியின் சீடர் சித்தப்பாஜி, கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஜனவரி வாக்கில் கொள்ளேகால் பக்கம் சிக்கல்லூரில் அவருக்குத் திருவிழா. அங்கே பந்தி சேவை என்று ஒன்று உண்டு. பல சாதியாரும் கொட்டகை போட்டு, சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து உண்பார்கள். புலாலும் உண்டு. யார் என்ன சாப்பிடுகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. முடிந்தால் போய் உட்காருங்கள், பாட்டைக் கேளுங்கள்.

மைசூரிலோ கோவையிலோ சென்னையிலோ வீடு வாடகைக்கு விடும் நேயர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து வந்து கதவைத் தட்டுகிறவரிடம் வாடகையும் முன்பணமும் மட்டும் பேசுங்கள்.